வெள்ளிமலைச் சரிவில் நின்ற கார்

தியாகதுருகம்,
புதன்கிழமை.

அன்பு மகன் சிவசங்கருக்கு,

அம்மா தங்கமணியின் ஆசிகள். நீ உயிரோடு இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் மச்சான் தமிழ்வேந்தன் வந்து சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கியது. எந்த ஊரில் இருக்கிறாய் என்று அவனிடம் நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டால் போலீஸ்காரர்கள் கேட்கும்போது சொல்லிவிடுவேன். உன் போன் அணைந்தே கிடப்பதால் இதை எழுதி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே. உன் சித்தி மகள் இலக்கியாதான் எழுதுகிறாள். நான் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்தேன். நான் சித்தி வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. ஏன் வந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மருமகள் தனுஷா குழந்தையோடு சின்னசேலத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். குழந்தைக்கு மேல்பல் இரண்டு முளைத்திருக்கிறது. சளி விட்டுவிட்டது. நம் சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மக்காச்சோளம் ஒடித்தாயிற்று, அள்ள ஆள் கிடைக்காமல் களத்தில் அப்படியே கிடக்கிறதாம். நல்ல செய்தி இவ்வளவுதான் இருக்கிறது.

இனி வெள்ளிமலைக்கு வருகிறேன். அடித்தவன் நீதான். ஆனாலும் அடிக்கும்போது உன் கண் எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் நான் சொல்கிறேன், நீ கடைசி வரை படிக்க வேண்டும்.

அன்றைக்குக் கிழங்குக் கொல்லை பார்க்க நீ மலைக்குக் கிளம்பினாய். சாமையும் தேனும் வாங்கலாம் என்று நானும் கூட வந்தேன். ரோட்டோரம் சரிவில் காரை நிறுத்திவிட்டு நீ டீ குடிக்கப் போனாய். நான் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மேடு ஏறிக்கொண்டிருந்த பிக்கப் வண்டி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றது. வண்டி கொள்ளாத மரவள்ளிக் கிழங்கு. பிரேக் பிடிக்கவில்லை. பாரத்தோடு பின்னால் உருண்டு வந்து நம் கார் மேல் ஏறியது. முன்பக்கம் முழுக்க உள்ளே போயிற்று. கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிந்தது. என் நெற்றி முன் சீட்டில் போய் மோதியது. ஒரு மூட்டை கிழிந்து, கிழங்கெல்லாம் பானெட் மேல் உருண்டது.

அதை ஓட்டி வந்த டிரைவர் குதித்து இறங்கி ஓடி வந்தான், பேர் வெற்றிவேல். அவனுக்கும் உன் வயசுதான் இருக்கும். காருக்கு என்ன ஆயிற்று என்று அவன் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அடி கிடி பட்டுச்சாங்கம்மா?"

ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று அவன் வண்டிக்குத் திரும்பினான். அந்த நேரத்தில்தான் நீ வந்தாய்.

உன் முதல் அடி அவன் காதோரம் விழுந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு சேர்த்து வயிற்றில் உதைத்தாய். ரோட்டில் விழுந்தவனை மிதித்தாய். மிதிக்கும்போது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்சூரன்ஸ் இல்லாத வண்டிடா இது. எங்கப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

இன்சூரன்ஸ் கட்டிவிட்டேன் என்று நீ உங்கப்பாவிடம் பொய் சொல்லியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே டிக்கியைத் திறந்து ஜாக்கி கம்பியை எடுத்தாய். நான் இறங்கி வந்து உன் சட்டையைப் பிடித்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினாய். நான் சாக்கடைக்குள் விழுந்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அவன் தவழ்ந்து போய் பிக்கப்புக்கு அடியில் புகுந்துகொண்டான். நீ காலைப் பிடித்து இழுத்தாய். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் அவன் முகம் தேய்ந்துகொண்டே வெளியே வந்தது. கம்பி தாடையில் இறங்கியபோது கரும்பை முட்டியில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது கண்ணில். அப்புறம் தலையில். அவன் கத்துவதை நிறுத்தினான், நீ நிறுத்தவில்லை. ஜனங்கள் சுற்றி நின்றார்கள். கிட்டே வர யாருக்கும் தைரியம் இல்லை. டீக்கடை பிச்சைமுத்துதான் பாய்லரில் கொதித்த தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு வந்து, இன்னொரு அடி விழுந்தால் உன் முகத்தில் ஊற்றுவேன் என்றார். அப்போதுதான் கம்பியைக் கீழே போட்டாய். யாருடைய பைக்கிலோ ஏறிப் போனாய். சாக்கடையில் கிடந்த என்னை நீ திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஒரு ஜீப்பில் அவனை ஏற்றினோம். அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் அவன் தலை சாய்ந்து சாய்ந்து என் வயிற்றில் இடித்தது. வாயிலிருந்து ரத்தம் நுரையோடு வந்தது. மூச்சு அடைக்காமல் இருக்க விரலை விட்டு வழித்து வழித்து வெளியே எடுத்துப் போட்டேன். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, என் புடவை மடிப்பில் அவன் பல் ஒன்று ஒட்டியிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் புடவையெல்லாம் ரத்தமாக இருந்தது. காரை எங்கே விட்டீர்கள், எவ்வளவு சேதம் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். இன்சூரன்ஸ் கட்டவில்லை என்பதையும் சொன்னேன். நீ அங்கே இருந்திருந்தால் உனக்கு என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

மறுநாள் வக்கீல் அறிவுச்செல்வனைப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியை வேறொரு வண்டி வந்து இடித்தால், இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் சேதத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம். நம் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாததற்குத் தனியாக அபராதம் உண்டு. ஆனால் அதனால் நஷ்டஈடு கேட்கிற உரிமை போய்விடாதாம். பிக்கப் சின்னசேலம் வியாபாரி ஒருவருடையது, அதற்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. போலீசில் ஒரு புகார் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் மனுப் போட்டிருந்தால் போதும். கொஞ்ச காலம் ஆகும், ஆனால் கிடைத்துவிடும் என்றார்.

சிவா, அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். அவ்வளவுதானா என்று வக்கீலிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவ்வளவுதான் அம்மா என்றார்.

உங்கப்பா அதோடு விடவில்லை. காருக்கும் பணம் வர வேண்டும், உன் மேலும் கேஸ் வரக் கூடாது என்று கணக்குப் போட்டார். வெற்றிவேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், இடித்த பிறகு தப்பித்து ஓடப் பார்த்தான், பாறையில் தலைகுப்புற விழுந்து அடிபட்டான் என்று புகார் எழுதினார். தாடையில் கம்பி கட்டிக் கிடந்தவனால் இல்லை என்று சொல்ல முடியுமா? மலைக்கு ஆள் அனுப்பினார். போனவர்கள் பிச்சைமுத்துவின் பாய்லரைத் தள்ளிவிட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் அவர் வலது கால் முழங்கால் வரை வெந்துபோயிற்று. அதற்கப்புறம் மலையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நஷ்டஈடு கேட்டு வெற்றிவேல் பேருக்கும், பிக்கப் சொந்தக்காரர் பேருக்கும் வக்கீல் நோட்டீஸ் போயிற்று. கார் இடிபட்டபோது உள்ளே இருந்தவள் என்று என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்.

உங்கப்பா கிழங்குக் கொல்லைக்குப் போயிருந்த ஒரு நாள் நான் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெற்றிவேலின் பெண்டாட்டி பேர் நிர்மலா. மலையிலிருந்து வந்து வார்டு வராண்டாவிலேயே படுத்துக் கிடக்கிறாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். என்னைத் திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"நோட்டீஸ் வந்திருக்குதுங்கம்மா. காருக்கு இன்னா ஆவும்னு சொல்லுங்க, ஆட்ட வித்தாவது குடுத்துடறோம். அவர ஜெயில்ல மட்டும் போட வேணான்னு சொல்லுங்கம்மா."

நீ தர வேண்டியது ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம் கார் என்ன நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது, ஆனால் அதை நினைத்து அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

உள்ளே போய் அவனைப் பார்த்தேன். இடது கண் போய்விட்டது. இடது கை தூக்க வரவில்லை. தலையில் ஒரு பக்கம் எலும்பை எடுத்துவிட்டு மூடியிருக்கிறார்கள், அந்த இடம் பள்ளமாகத் துடிக்கிறது. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மருந்து பாட்டிலை மாற்ற நர்ஸ் கையை உயர்த்தினாள். அவ்வளவுதான், அவன் வலது கையால் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினான். யார் கையைத் தூக்கினாலும் அப்படித்தான் செய்கிறானாம். நிர்மலா தலை சீவிக்கொண்டாலும் அப்படித்தானாம்.

சிவா, நீ சின்ன வயசில் இதே மாதிரிதான் செய்வாய். உங்கப்பா சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால்கூட நீ தலையை மூடிக்கொண்டு நெல்லுக் குதிரோரம் போய் ஒண்டுவாய். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் யாரைப் பார்க்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பிக்கப்பின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். சுபஸ்ரீ என்று ஒரு பெண். நைனார்பாளையத்தில் நம் வீட்டுக்கே வந்து, கொட்டகையில் நிறுத்தியிருந்த காரைப் போட்டோ எடுத்தாள். நசுங்கிய பானெட்டுக்குள் நம் கோழி ஒன்று அடை உட்கார்ந்திருந்தது, அதை விரட்டாமல் சுற்றி நின்று எடுத்தாள். என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். உங்கப்பா முதல் நாளே எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். எங்கே பாறை, எப்படி விழுந்தான், வாயில் என்ன வாடை அடித்தது என்பது வரைக்கும்.

நான் அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொன்னேன். பிக்கப் உருண்டு வந்து நம் காரை இடித்தது உண்மை என்று சொன்னேன். அவன் குடித்திருக்கவில்லை, பாறையும் இல்லை, என் மகன் ஜாக்கி கம்பியால் அடித்தான் என்றும் சொன்னேன். நீ ரோட்டில் போட்ட கம்பியை உங்கப்பா எடுத்து வரச் சொல்லி நம் கிணற்றில் போட்டார் என்பதையும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். யோசித்துச் சொல்லுங்கள் அம்மா, இதைப் போலீசுக்கும் கொடுக்க வேண்டி வரும் என்றாள். கொடுங்கள் என்றேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் வண்டி தெரு தாண்டுவதற்குள் உங்கப்பா கொட்டகைக்கு வந்துவிட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். மோட்டார் பைப்பை உருவி எடுத்து அடித்தார். முதுகு, தொடை, தலை எதுவும் பாக்கி இல்லை. நான் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக உட்கார்ந்துவிடுவேன், அன்றைக்கு உட்காரவில்லை. அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. பைப்பைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"எந்தக் கையில கையெழுத்து போட்ட?"

நான் வலது கையை நீட்டினேன். அதைக் கார்க் கதவின் இடுக்கில் வைத்துக் கதவை அறைந்தார். மணிக்கட்டு எலும்பு இரண்டும் ஒடிந்துபோயின. ஒரு விரல் நசுங்கிவிட்டது. இந்த இடத்தில் இலக்கியா எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டார் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். நிர்மலா படுத்துக் கிடக்கிற அதே ஆஸ்பத்திரியில்தான் எனக்கும் கட்டுப் போட்டார்கள். அவள்தான் எனக்குக் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள். எதனால் என் கை ஒடிந்தது என்று அவளுக்குத் தெரியும். கஞ்சியில் உப்பு போதுமா என்று மட்டும் கேட்டாள். வெற்றிவேலின் பல்லை அப்போதுதான் அவளிடம் கொடுத்தேன். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

உங்கப்பா மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். வெட்கமாக இல்லையா, இத்தனை வருஷம் வாழ்ந்த புருஷன் மேல் கொடுக்கலாமா என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள். அவர் நம் காருக்கு நஷ்டம் கேட்டார், நான் என் கைக்குக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவரைக் கூட்டிப் போய் விசாரித்து, கோர்ட்டில் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கொட்டகையில் காரும் வீட்டில் அவரும் மட்டும் இருக்கிறார்கள். சமைத்துப் போட ஆள் இல்லை.

என் வாக்குமூலம் போனதும் டீக்கடை பிச்சைமுத்து வெந்த காலோடு வந்து சாட்சி சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சொன்னார்கள். கிணற்றை இறைத்துக் கம்பியை எடுத்துவிட்டார்கள். உன் மேல் கொலை முயற்சி கேஸ் பதிவாகியிருக்கிறது. பொய்ப் புகாரை வைத்துக்கொண்டு நான் கார் கேஸை நடத்த மாட்டேன் என்று அறிவுச்செல்வன் உங்கப்பாவின் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் இங்கே வந்து என்னைப் பார்த்தார். போலீஸ் தேடிப் பிடிப்பதற்கு முன்னால் நீயாகவே கள்ளக்குறிச்சி கோர்ட்டில் சரணடைந்தால் நல்லது, நான் கூட நிற்கிறேன் என்றார். ஜெயில் உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம் என்றும் சொன்னார். நான் உனக்குப் பொய் சொல்லி வரவழைக்க விரும்பவில்லை.

உன்னைக் காட்டிக் கொடுத்தவள் அம்மாதான் என்று உனக்கு ஊரில் யாராவது சொல்லுவார்கள். அதை வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது என்றுதான் நானே சொல்லிவிட்டேன். கோபப்படு. என்னைத் திட்டி எழுது. பேசாமல் இருந்துவிடாதே.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். என் கையைப் பற்றிப் படித்ததும் உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்கு அது தெரியாமல் போகாது. தமிழ்வேந்தனிடம் பணம் வாங்கிக்கொண்டு நேராக நைனார்பாளையம் பஸ்ஸில் ஏறலாம் என்று நினைத்திருப்பாய். வீட்டில் உங்கப்பா தனியாக இருக்கிறார் என்று நானே எழுதியிருக்கிறேன். வேண்டாம் சிவா. என் கைக்காக நீ உன் கையைத் தூக்காதே. என் கேஸை நான் நடத்திக்கொள்கிறேன். அதற்கு எனக்குப் பிள்ளையின் கம்பி வேண்டாம், பிள்ளைதான் வேண்டும்.

வருவதாக இருந்தால் கோர்ட்டுக்கு வா. வரும் திங்கட்கிழமை காலையிலிருந்து நான் வாசலில் நிற்பேன். அன்றைக்கு வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் நிற்பேன். தனுஷாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். சித்தி உனக்குப் பிடித்த காராமணிக் குழம்பும் சோறும் கட்டித் தருவாள். உள்ளே போவதற்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. எனக்கு இப்போது இடது கை ஒன்றுதான் இருக்கிறது, அந்தக் கையாலேயே ஊட்டுகிறேன், சிந்தும், பொறுத்துக்கொள்.

போகிற வழியில் சண்டை சச்சரவு எதிலும் மாட்டாமல், யார் மேலும் உன் விரல்கூடப் படாமல், கடவுள் உன்னைக் கோர்ட் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கட்டும். எத்தனை வருஷம் கழித்து நீ வெளியே வந்தாலும், நீ கையைத் தூக்கும்போது உன் மகள் பயப்படாமல் ஓடி வந்து தொங்கட்டும். அது போதும் எனக்கு.

உன்னைப் பெற்ற,
தங்கமணி.